விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை



கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதிய கடிதம் சென்ற மாதம் வந்தது. கூரியரில் பாகம் பாகமாக வரவழைத்துத் தன் கையாலேயே பூட்டிய கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, உள்ளே விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு. பூண்டு விற்ற காசும், டியூஷன் எடுத்துச் சேர்த்த காசும் போட்டு வாங்கியது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, “அவ்வளவு காசும் போச்சாம்மா?” என்று கேட்டாராம். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால் இந்த மாதப் பக்கத்தை அந்த மாணவிக்கும், அவரைப் போல மலையில் தனியாகத் திருப்புளியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் என்று ஒதுக்கிவிட்டேன்.

முதலில் அப்பாவுக்குப் பதில். காசு போகவில்லை ஐயா. புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டர் முதல் தடவையே திரையைக் காட்டாமல் இருப்பது அடிக்கடி நடப்பதுதான். பாகம் கெட்டு வந்திருப்பதைவிட, ஏதாவது ஒன்று முழுதாக உட்காராமல் இருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அவசரப்பட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

கடைக்குப் போன் செய்து “ஆன் ஆகலை” என்று சொல்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. சுவிட்சை அழுத்தினால் எதுவுமே அசையாதது ஒன்று. விசிறி சுற்றியும் திரை வராதது இன்னொன்று. திரை வந்து, ஆனால் விண்டோஸோ லினக்ஸோ ஏறாமல் நிற்பது மூன்றாவது. இதில் மூன்றாவதுதான் உங்கள் நிலை என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். பூட்டிய வேலை சரி என்று பொருள். புதிய டிஸ்க்கில் ஒன்றுமே இருக்காது, பென் டிரைவில் போட்டு ஏற்றினால் முடிந்தது.

எதுவுமே அசையவில்லை என்றால் சுவரிலிருந்து தொடங்குங்கள். அந்த பிளக் பாயிண்ட்டில் செல்போன் சார்ஜர் வேலை செய்கிறதா? மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறத்தில் இருக்கும் சிறு சுவிட்ச் ‘I’ பக்கம் இருக்கிறதா? மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டர் கடைசிவரை இறங்கி, அதன் கொக்கி மாட்டியிருக்கிறதா? பல போர்டுகளில் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் ஒரு மூலையில் சின்ன விளக்கு எரியும். எஸ்.எம்.பி.எஸ். எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கும் 5 வோல்ட்டில் எரிவது அது. அது எரிந்தும் பொத்தான் வேலை செய்யாவிட்டால், கேபினட்டின் பொத்தானிலிருந்து வரும் இரட்டை ஒயரைச் சந்தேகப்படுங்கள். நெல்மணி அளவுள்ள அந்தப் பின்களில் இடம் மாறிச் சொருகுவது மிக எளிது. அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, கையேட்டில் ‘பவர் சுவிட்ச்’ என்று காட்டியிருக்கும் இரண்டு பின்களையும் திருப்புளி நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். இயந்திரம் கிளம்பினால் குறை ஒயரில்தான். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

விசிறி சுற்றியும் திரை வராத நிலைமைதான் ஆளை அதிகம் அலைக்கழிப்பது. விசிறி சுற்றுகிறது என்பதற்கு, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து 12 வோல்ட் வருகிறது என்பதற்கு மேல் பொருள் கிடையாது. பிராசசர் விழித்துவிட்டதா, ரேமைப் பார்த்ததா என்று விசிறியை வைத்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்குத்தான் இன்றைய போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. பக்கத்தில் பொடி எழுத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று அச்சிட்டிருக்கும். இயந்திரம் கிளம்பும்போது ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போகும். எந்தச் சோதனையில் நின்றுபோனதோ அந்த விளக்கு அணையாமல் நிற்கும். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலேயே இந்தச் சுயசோதனை இருந்தது. அது கோளாறை ‘பீப்’ ஒலியாலும் திரையில் வரும் எண்ணாலும் சொல்லும். இன்றும் பல போர்டுகளில் பட்டாணி அளவு ஸ்பீக்கர் ஒன்றைச் சொருகினால் பேசும். கேபினட்டோடு அந்த ஸ்பீக்கர் வருவது இப்போது பெரும்பாலும் நின்றுவிட்டது. சில ரூபாய்ப் பொருள் அது. அதை நிறுத்தியது எனக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

மாணவி கடிதத்தோடு ஒரு படத்தையும் வைத்திருந்தார். செல்போனில் எடுத்து, கடையில் பிரிண்ட் போட்டது. மங்கலான படம்தான், ஆனால் போர்டின் மேல் இடது மூலை தெரிந்தது. பிராசசருக்கென்றே தனியாக மின்சாரம் போகும் 8 பின் சாக்கெட் அங்கேதான் இருக்கும். அது காலியாக இருந்தது. ஹீட் சிங்கின் நிழலில் கறுப்பு மேல் கறுப்பாக ஒளிந்திருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. அதற்குரிய ஒயரோ கேபினட்டின் பின்பக்கத் தகட்டுக்கு அப்பால், கட்டிய டேக் கூட அவிழ்க்காமல் கிடந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் பக்க வடிவமைப்பு செய்யும் தம்பிதான் படத்தைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். அன்றே போன் செய்தோம். சொருகியதும் திரை வந்தது. அப்பா பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாராம்.

ஆனால் எல்லாருக்கும் இப்படி ஒரே ஒயரில் முடிந்துவிடாது. ரேம் இரண்டு துண்டு வைத்திருந்தால் பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது பள்ளத்தில்தான் அவை உட்கார வேண்டும். ‘டக்’ என்று கொக்கி விழும்வரை இரண்டு பக்கமும் சமமாக அழுத்த வேண்டும். புதியவர்கள் உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் சர்வீஸ் கடைகளில் ரேமை எடுத்துப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டும் பழக்கம் உண்டு. பழைய ரேமில் படிந்த கறை அதில் போகும். புது ரேமுக்கு அது தேவையில்லை. எடுத்து மறுபடி அழுத்தி வைப்பதே போதும்.

திரைக்குப் போகும் ஒயரை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதில்தான் மாட்ட வேண்டும், போர்டில் அல்ல. கார்டு இல்லாமல், பெயரின் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்துள்ள இன்டெல் பிராசசரை வாங்கியிருந்தால் படம் வரவே வராது. அதில் படம் காட்டும் பகுதி இயங்காது. விலை சற்றுக் குறைவு என்று அதை வாங்கிவிட்டுத் திகைப்பவர்கள் நிறையப் பேர்.

டிடிஆர்5 ரேம் வாங்கியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: முதல் தடவை போடும்போது போர்டு அந்த ரேமின் வேகத்தோடு தன்னைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். சில போர்டுகளில் பத்து நிமிடம்கூட ஆகலாம். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும், சில நேரம் தானாக அணைந்து மறுபடி கிளம்பும். பயந்துபோய் நடுவில் மின்சாரத்தை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

இன்னொன்று, பிராசசருக்கும் போர்டுக்கும் உள்ள வயது வித்தியாசம். கடையில் நெடுநாள் கிடந்த போர்டுக்கு, அதற்குப் பிறகு வந்த பிராசசரைத் தெரியாது. ஏஎம்டியின் ஏஎம்4 போர்டுகளில் இது பெரிய சிக்கலாக இருந்தது. ஒரே பள்ளத்தில் பல தலைமுறைப் பிராசசர்கள் உட்காரும், ஆனால் போர்டைக் கிளப்பும் மென்பொருளான பயாஸ் பழையதாக இருந்தால் புதியது கிளம்பாது. 2018-இல் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, பயாஸை மாற்றிக்கொள்வதற்காக மட்டும் ஏஎம்டி நிறுவனமே ஒரு பழைய பிராசசரை இரவல் அனுப்பியது. இரவல் என்ற இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

இனி மலைக்கே உரிய விஷயங்கள். “இவ்வளவு உயரத்தில் கம்ப்யூட்டர் ஓடுமா?” என்று கேட்டு எழுதியவர்கள் உண்டு. தாராளமாக ஓடும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,130 மீட்டர் உயரம். காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். காற்று மெலிந்திருப்பதால் விசிறி அள்ளிச் செல்லும் சூடு குறையும், ஆனால் மலைக் குளிர் அதை ஈடுகட்டிவிடும். தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளுக்கே சுமார் 3,000 மீட்டர் வரை கவலை இல்லை என்று தயாரிப்பாளர்கள் எல்லை குறித்திருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது ஈரத்தை. குளிர்ந்து கிடக்கும் உலோகத்தின் மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று படும்போதுதான் நீர் பூக்கும். இரவெல்லாம் திண்ணையில் குளிர்ந்த பெட்டியை, அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்து உடனே பிரித்தால் போர்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். பெட்டியை மூடியபடியே சில மணி நேரம் அறைக்குள் வைத்திருந்து, பிறகு பிரியுங்கள். இதற்கு நேர்மாறானது தை, மாசி மாதங்களின் வறண்ட குளிர். கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போது முடி சிலிர்த்துப் பொறி தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொறி ரேமுக்கு ஆகாது. ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பிளக்கில் மாட்டிச் சுவர் சுவிட்சை அணைத்த நிலையில் வைத்து, அதன் வெறும் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நம் நாட்டுச் சுவர் சுவிட்சுகள் மின்சாரத்தைத்தான் துண்டிக்கும், எர்த் இணைப்பு அப்படியே இருக்கும்.

எர்த் இருந்தால்தான். மலை வீடுகளில் என் பெரிய கவலை இதுதான். பாறை நிலத்தில் குழி ஆழமாக இறங்காது, பாறை மின்சாரத்தை எளிதில் உள்வாங்கவும் செய்யாது. சில வீடுகளில் எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டிருப்பார்கள். குழாய் எப்போதோ பிளாஸ்டிக்காக மாறியிருக்கும். எர்த் இல்லாத வீட்டில் கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை கசியவிடும் மின்சாரம் மண்ணுக்குப் போக வேண்டியது. போக வழியில்லாதபோது, கேபினட்டே 230 வோல்ட்டில் பாதியளவு ஏறி நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் ஓடும் கம்ப்யூட்டரில் மானிட்டர் ஒயரைக் கழற்றி மாட்டும் நேரத்தில் அந்த மின்சாரம் போர்டின் வழியாக ஓடினால் ஒயர் சொருகும் வாய் கெட்டுப்போகலாம். கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வரும் ஊர் வேறு. கம்ப்யூட்டருக்குச் செலவழித்தவர்கள், வயர்மேனைக் கூப்பிட்டு உப்பும் கரியும் போட்ட ஒரு நல்ல எர்த் குழிக்கும் செலவழியுங்கள். கிராஃபிக்ஸ் கார்டை அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாம் பார்த்தும் வரவில்லை என்றால்? அப்போதுதான் பாகங்களைக் குறைக்கத் தொடங்க வேண்டும். போர்டைக் கேபினட்டிலிருந்தே வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். போர்டுக்கு அடியில் திருகும் பித்தளைக் குமிழ் ஒன்று தவறான இடத்தில் இருந்தால் அது போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். வெளியே எடுத்ததும் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ்., படம் தரும் ஒரு வழி. இவ்வளவுதான் இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை எடுத்துச் சில நிமிடம் கழித்து மாட்டுங்கள், பயாஸின் நினைவு அழிந்து முதல் நிலைக்கு வரும். இந்தச் சிறிய அமைப்பு கிளம்பினால் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

நம் நாட்டில் கம்ப்யூட்டர் கட்டியதே இந்த வழியில்தான். 1950-களில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஓர் இளைஞர் குழு கம்ப்யூட்டர் செய்ய உட்கார்ந்தது. சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் கிடையாது, கழற்றிப் பார்க்க இன்னொரு இயந்திரமும் கிடையாது. அவர்கள் நேராகப் பெரிய இயந்திரத்தில் கைவைக்கவில்லை. முதலில் ஒரு சிறிய முன்னோட்ட இயந்திரம் கட்டி 1956-இல் அதை ஓடவைத்தார்கள். அது சரியாக நின்ற பிறகே முழு இயந்திரம். சுமார் 2,700 வெற்றிடக் குழாய் வால்வுகள் கொண்ட அது 1960-இல் வேலைக்கு வந்தது. 1962-இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். ஆயிரக்கணக்கான வால்வுகளில் எது ஏமாற்றுகிறது என்று தேடியவர்களுக்கு, ஓடும் ஒரு சிறிய அமைப்பு கையில் இருந்ததுதான் பிடிமானம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்ததை நோட்டில் எழுதுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்கு உங்கள் மலையிலேயே சான்று இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து வந்தார்கள். 1907-இல் வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட் கருவிகளைத் தானே செப்பனிட்டும் புதிதாகக் கட்டியும் வேலை செய்தவர். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் அங்கேதான் கண்டறிந்தார். அந்தத் தகடுகளெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டு உலகெங்கும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. தேதியும் நேரமும் குறித்து வைத்ததால்தான் நூறு வருடம் கழித்தும் அவற்றை ஒழுங்கு சேர்க்க முடிகிறது. “இரண்டாவது ரேம், நான்காவது பள்ளம், டிராம் விளக்கு எரிகிறது” என்று நீங்கள் எழுதும் ஒரு வரி, அடுத்த நாள் போனில் உதவி கேட்கும்போது எதிர்முனையில் இருப்பவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

இவ்வளவு செய்தும் ஒரு கட்டத்தில் அறிவும் பொறுமையும் மட்டும் போதாமல் போகும். ரேம்தான் குறை என்று சந்தேகம் வந்தால், நன்றாக ஓடும் வேறொரு ரேமை மாட்டிப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனால் அரை மணி நேரத்தில் முடிகிற காரியம். தாண்டிக்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் கேபினட்டைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் வத்தலக்குண்டுக்கு இறங்கி, ஒரு கடையில் வேறு ரேம் மாட்டிப் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் ஏறிய கதையை எழுதியிருக்கிறார். கடைக்காரர் காசு வாங்கவில்லையாம், நல்ல மனிதர். ஆனாலும் ஒரு ரேமை மாட்டிப் பார்க்க ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கிறது. மலைப் பிள்ளைகளுக்குத் திறமையில் ஒரு குறையும் இல்லை. மாற்றி மாட்டிப் பார்க்க ஒரு பாகம் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். முன்பு சொன்ன ஏஎம்டி இரவலைப் போல, மேல்மலையிலும் கீழ்மலையிலும் ஊர்ப்புற நூலகங்களிலோ பள்ளிகளிலோ இரவல் பெட்டி ஒன்று வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு எஸ்.எம்.பி.எஸ்., டிடிஆர்4 ஒன்றும் டிடிஆர்5 ஒன்றுமாக ரேம், தனி மின் ஒயர் கேட்காத ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு, அந்தப் பட்டாணி ஸ்பீக்கர், சிஆர்2032 பேட்டரி, காந்த நுனித் திருப்புளி, ஒரு நோட்டு. புத்தகம் எடுப்பது போல் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய், மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். பெட்டியை வைத்துக்கொள்ள இடம் தரும் நூலகர்களும் ஆசிரியர்களும் எங்களுக்கு எழுதுங்கள். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, வத்தலக்குண்டு கடைக்காரர்களும், வீட்டில் பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டிருப்பவர்களும் பாகங்களைத் தந்து உதவுங்கள். பழசாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் கடைசியாக என்றைக்கு எந்தப் போர்டில் ஓடியது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டி அனுப்புங்கள். சோதிக்க எடுக்கும் பாகமே சந்தேகத்துக்குரியதாக இருந்தால், அதை வைத்து இன்னொன்றைச் சோதிக்க முடியாது.

அன்புடன்,
ஆசிரியர்